சத்தம் வரும் முன்னே

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம் இரட்டிப்பாகும்.

போன மாதம் என் கணினியில் ஒரு வீடியோ ஊமையாகத் திறந்தது. படம் ஓடுகிறது, ஆட்கள் வாயசைக்கிறார்கள், சத்தம் மட்டும் இல்லை. என்னுடையது விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸில் ஓடும் கணினி. லினக்ஸ்காரர்களுக்கு இது புதிதல்ல. தலைவலி வந்தால் மருந்துக்கடைக்குப் போவதுபோல, நாங்கள் மன்றத்துக்குப் போவோம். மன்றம் என்றால் இணையத்தில் கேள்வி போட்டுப் பதில் வாங்கும் இடம். பதிலோடு வசவும் இலவசமாகக் கிடைக்கும். அங்கே எனக்கு முன்பே ஒரு பெண் இதே கேள்வியைக் கேட்டு வைத்திருந்தார்:

"படம் வருது, சத்தம் வரல. எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்டா வரும்? என் வீட்டுக்காரருக்குப் பேச்சு திரும்பிடுச்சுங்கறதுக்கு இந்த வீடியோதான் சாட்சி. திங்கக்கிழமைக்குள்ள அனுப்பணும்."

கீழே பதினோரு பதில்கள். பதினொன்றும் எந்த மென்பொருள் உசத்தி என்ற சண்டை. வீட்டுக்காரரைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. வேறொரு பழைய பதிவில் கிடைத்த, கணினிக்கு இடும் கட்டளையை நகலெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், என் வீடியோவில் சத்தமும் வந்துவிட்டது. ஆனால் அந்த நாலு வரி மனசை விட்டுப் போகவில்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. அந்த அம்மாள் என்றைக்காவது இதைப் படித்தால் மன்னிக்கட்டும், முடியாவிட்டால் திருத்தட்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் மடிக்கணினியைத் திற

மழையில் தொடங்குவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம் உண்டு. விட்டுவிட்டேன். அடுத்தது:

"எக்ஸ்ரே எடுப்பவர்களுக்குப் பொய் சொல்ல வராது, ஏனென்றால்

ஏனென்றால் என்ன? எனக்குத் தெரிந்த ஒரு எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறந்தாலே புளுகுதான். ஆனால் தொழில் பிடித்திருந்தது, அதை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றாவது தொடக்கம்தான் நின்றது:

அவள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு நாளைக்கு அறுபது பேர் என்று இருபது வருஷமாக "மூச்ச இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க, ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் யாராவது தும்ம முகத்தைத் தூக்கினாலும் "அடக்குங்க" என்று வாயில் வந்துவிடும். மருத்துவமனையில் பெரிய டாக்டர் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. படத்தில் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுடைய வேதம். முறிந்த எலும்பு முறிந்த எலும்புதான். சொந்தக்காரன் என்பதற்காகக் கோடு மறையாது.

அவள் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணிக்கு என்று ஒலிபெருக்கியில் சொல்பவர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மைக். எட்டு மாதத்துக்கு முன் அவரைப் பக்கவாதம் தாக்கியது. கை திரும்பியது, கால் திரும்பியது. பேச்சும் திரும்பியது, ஆனால் தாமதமாக. வார்த்தை குழறுவதில்லை, விடுபடுவதில்லை. தொடங்கிவிட்டால் தண்ணீராக ஓடும். தொடங்கத்தான் நேரம் பிடிக்கும்.

(மைக் இந்தக் கதையில் அதிகம் பேசமாட்டார். அதற்குக் காரணம் நோய் அல்ல, நான். பின்னால் சொல்கிறேன்.)

3

தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. அங்கே மூன்று பேர் கொண்ட குழு கூடித்தான் மைக் மறுபடி மைக்கின் முன் உட்காரலாமா என்று முடிவு செய்யும். ஆளை வரச் சொல்லவில்லை, கடிதம் அனுப்பியிருந்தார்கள். பத்து நிமிட வீடியோ வேண்டும். பேருந்து விவரம் எழுதிய சீட்டு ஒவ்வொன்றாகக் கைக்கு வர வர, அவர் அறிவிக்க வேண்டும். "சீட்டு கைக்கு வந்ததிலிருந்து அறிவிப்புத் தொடங்கும் வரை மூன்று விநாடிக்கு மேற்படலாகாது." மேற்பட்டால் பயணிகளின் பெட்டிகளைப் பாதுகாத்து வைக்கும் அறைக்கு மாற்றம். திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வீடியோ வந்து சேர வேண்டும்.

மூன்று விநாடி அநியாயம் என்று தோன்றும். ஆனால் வண்டி ஒன்று கடைசி நிமிடத்தில் நடைமேடை மாறும்போது, மூட்டை முடிச்சோடு நிற்பவர்களுக்கு மூன்று விநாடி பெரிய விஷயம். இதை அவளுக்குச் சொன்னதே மைக்தான், நல்லாயிருந்த காலத்தில்.

"லக்கேஜ் ரூம்னா என்ன குறைச்சல்? உக்காந்த வேலை" என்றாள் அவள், அவருக்கு வலிக்கக்கூடாதே என்று.

"அங்க பெட்டிய வெச்சிட்டுப் போயிடுவாங்க. பேச ஆள் இருக்காது" என்றார் மைக்.

"அப்ப பாஸ் பண்ணிடுங்க."

"பண்றேன்."

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் படப்பிடிப்பு. ஒயர் இல்லாத பழைய மைக் ஒன்றை அவர் நிறுத்தி வைத்துக்கொண்டார். அது முன்னால் இருந்தால்தான் குரல் வரும் என்றார். அது அவருடைய வாயை முழுசாக மறைத்தது. தொலைபேசியை ஒரு செருப்புப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, அவள் நிமிடத்துக்கு ஒரு சீட்டாக நாற்பது சீட்டுக் கொடுத்தாள். நாற்பதையும் அவர் அறிவித்தார். "பதினேழாம் எண் பேருந்து, மூன்றாவது நடைமேடையிலிருந்து, ஏழு பத்துக்குப் புறப்படும்." இல்லாத பயணிகள் இல்லாத வண்டியைப் பிடிக்க ஓடினார்கள். முடிந்ததும் அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு டம்ளரை மேசைமேல் வைத்தார். அதோடு பதிவை நிறுத்தினாள்.

நாற்பதிலிருந்து நல்ல பத்து நிமிடத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். சீட்டு கைக்கு வருவது படத்தில் தெரியும், குரல் காதில் விழும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை விநாடி என்பதுதான் கேள்வி.

4

மடிக்கணினி பழசு. அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது அவள் தம்பி. அவன் ஓர் அலுவலகத்தில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவன். "அக்கா, இது காசும் கேக்காது, வைரஸும் வராது" என்று வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டும் உண்மை. மற்றதெல்லாம் வந்தது.

மென்பொருள் தேடுவது வரன் தேடுவதுபோலத்தான். எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள், சொல்கிறவர் யாரும் கூட வாழப்போவதில்லை. முதலில் வந்தது எடையில்லாத பிள்ளை. சாது, எல்லாக் கோப்பையும் திறந்தது, ஆனால் கால்மணிக்கு ஒரு தரம் மயங்கி விழுந்தது. இரண்டாவது பெரிய இடம். சினிமாவே அதில்தான் வெட்டுகிறார்களாம். படம் பளிச்சென்று வந்தது, வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும் நேரம் காட்டியது, மருத்துவமனைத் திரையைப் பார்ப்பதுபோல அவளுக்குக் கண் குளிர்ந்தது. சத்தம் வரவில்லை.* மூன்றாவது எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டது, ஆனால் ஒரு வெட்டு வெட்டினால் அது யோசித்து முடிப்பதற்குள் இவள் துணி காயப்போட்டுவிட்டு வரலாம்.

தம்பியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"கோப்பு பேருக்குப் பின்னாடி ஏதோ மூணு எழுத்து இருந்துச்சுடா. அத அழிச்சிட்டு எம்பி4னு போட்டுப் பாத்தேன். அப்பவும் சத்தம் வரல."

"பேர மாத்துனா ஆளு மாறிடுவானாக்கா? அது டப்பா பேரு. டப்பா வேற, உள்ள இருக்கற சரக்கு வேற."

"டப்பால சர்க்கரைன்னு எழுதியிருக்கு, தொறந்தா உப்பு. அதானே?"

"அதேதான். உப்ப வேற டப்பாக்கு மாத்துனாலும் உப்புதான். சரக்கையே மாத்தணும்."

"எப்படி?"

"அதுக்குக் கட்டளை இருக்குக்கா. மன்றத்துல தேடு, கெடைக்கும். நான் இப்ப சர்வர் ரூம்ல இருக்கேன்."

கிடைத்தது. ஆறு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்குச் சொன்ன பதில். இரண்டு வரிக் கட்டளை. ஒன்று படத்தைத் தனியாக மாற்றும், மற்றது சத்தத்தைத் தனியாகப் பிரிக்கும். பிறகு இரண்டையும் மென்பொருளில் அருகருகே வைத்துக்கொள்ளலாம். அவள் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினாள். மற்றதில் கைவைத்தால் கெட்டுவிடுமோ என்று பயம். கட்டளைக்கு நடுவில் 29.97 என்று ஓர் எண் இருந்தது. அதையும் சாமி மாதிரி தொடாமல் விட்டாள்.

* அந்த மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு லினக்ஸில் தொலைபேசி பதியும் ஒலிவகை பிடிக்காது, அவ்வளவுதான். உரிமம், அனுமதி என்று காரணங்கள் உண்டு. மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன், எனக்கே கொட்டாவி வந்ததால் எடுத்துவிட்டேன்.

5

சத்தம் வந்தது. அவள் ஒவ்வொரு சீட்டாக அளந்து, பழைய எக்ஸ்ரே உறையின் முதுகில் எழுதினாள்.

முதல் சீட்டு, நாலு விநாடி. பத்தாவது, மூன்று புள்ளி நாலு. இருபதாவது, இரண்டு புள்ளி எட்டு. முப்பதாவது, இரண்டு புள்ளி இரண்டு. நாற்பதாவது, ஒன்று புள்ளி ஆறு.

அவள் உறையைப் பார்த்தாள், மறுபடி அளந்தாள். எண் மாறவில்லை. நாற்பது நிமிடத்தில் அந்த மனிதர் கண்ணெதிரே குணமாகிக்கொண்டு வந்திருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்தவளுக்கே தெரியவில்லை! சீட்டு எழுதுவதிலும் கொடுப்பதிலும் கவனமாக இருந்துவிட்டோம், அதனால்தான் உறைக்கவில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அப்புறம் அழுதாள். எட்டு மாதம் அழாததற்கும் சேர்த்து அழுதாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். பழகப் பழக வந்திருக்கு பாருங்க. கடைசில ஒண்ணரை விநாடிதான்!"

மைக் உறையை வாங்கிப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தனியாகத் தெருவில் இறங்கினார். கடையில் நின்று, தன் வாயால் கேட்டு, சவர பிளேடு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் எத்தனை விநாடி காத்திருந்தார் என்பது யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தவர் பாக்கெட்டை மேசைமேல் பரிசுக்கோப்பை மாதிரி வைத்தார்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அது பாவமாக இருந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடைசிப் பத்து நிமிடத்தைத்தான் அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. அவள் வீடியோவின் வாலை வெட்டி ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். மைக் தண்ணீர் குடிக்கிறார். டம்ளரைக் கீழே இறக்குகிறார்.

"டக்" என்றது.

டம்ளர் இன்னும் மார்புயரத்தில்தான் இருந்தது.

அவள் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் டக். அதற்கப்புறம் சாவகாசமாக டம்ளர் வந்து மேசையைத் தொட்டது, சத்தமே இல்லாமல். மூன்றாம் தரமும் பார்த்துவிட்டுத் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தாள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அது யானைக்குச் சரி, டம்ளருக்குச் சரியில்லை.

"அக்கா, அந்தக் கட்டளைய அப்படியே படி" என்றான் தம்பி. படித்தாள்.

"உன் போன் விநாடிக்கு முப்பது படம் எடுக்குதுக்கா. நீ அத இருபத்தொம்பது புள்ளி தொண்ணூத்தேழுன்னு ஓட்டச் சொல்லியிருக்க. யாரோ ஒருத்தன் கேமராவுக்கு எழுதுன எண் அது. படம் துளித்துளியா பின்தங்கிட்டே வரும். சத்தத்தத் தனியாப் பிரிச்சிட்ட இல்ல, அது சரியான வேகத்துல முன்னாடி போயிடும்."

"எவ்வளவு பின்தங்கும்?"

"ஆயிரத்துல ஒரு பங்கு. நாப்பது நிமிஷத்துக்கு ரெண்டு புள்ளி நாலு விநாடி."

அவள் உறையைத் திருப்பினாள். ஒன்று புள்ளி ஆறோடு இரண்டு புள்ளி நாலு. கூட்டுவதற்குக் கணினி வேண்டாம்.

எண்ணை முப்பதாக்கி மறுபடி மாற்றி, மறுபடி அளந்தாள். முதல் சீட்டு நாலு. பத்தாவது நாலு. நாற்பதாவது நாலு. அவர் நாலு விநாடி மனிதர். நாற்பது தடவையும் ஒரே சீராக நாலு.

"இப்ப என்னடா பண்றது?"

"அனுப்பிடுக்கா, மொத மாத்துனதையே. மைக் வாய மறைச்சிருக்கு, டம்ளர நீ வெட்டிடுவ, எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்டா."

"நீ என்ன பொய்யா சொன்ன? ஒரு இடத்துல வெட்டல, ஒட்டல. தானா நடந்த தப்பு. மாமா அந்த சீட்ல போய் உக்காந்தா தானா சரியாயிடுவாரு. பெட்டி ரூம்ல போட்டா இருக்கற பேச்சும் போயிடும்."

அவன் சொன்னதில் ஒன்றையும் அவளால் மறுக்க முடியவில்லை. இதுதான் தம்பிகளிடம் உள்ள தொல்லை.

7

இப்போது என் பங்குக் குற்றம்.

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். "பேச ஆள் இருக்காது" என்றார் மைக். "பண்றேன்" என்றார் மைக். கேட்டவுடன் பதில். நீங்கள் ஏதாவது கவனித்தீர்களா? அந்த இரண்டு பதிலுக்கும் முன்னால் நாலு நாலு விநாடி இருந்தது, எட்டையும் நான் வெட்டிவிட்டேன். அந்த நாலு விநாடிகளில் அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவர் உதடு ஒரு தரம் ஒட்டிப் பிரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருக்க இன்னும் பழகாததால், அவள் எப்போதும் வேறெங்காவது பார்ப்பாள். இதில் ஒன்றையும் எழுதவில்லை.

எனக்கும் சாக்கு உண்டு. எழுத்தில் நாலு விநாடியை எப்படி வைப்பது? மூன்று புள்ளி வைத்தால் எத்தனை விநாடி? "சற்று நேரம் கழித்து" என்று எழுதினால் படிக்க அரை விநாடிதான் ஆகிறது. வெற்று வரி விட்டால் அச்சுப்பிழை என்பார்கள். அதனால் பேசாத இடத்தையெல்லாம் எடுத்துவிட்டு, பேசியதை மட்டும் ஒட்டிக்கொண்டு போகிறோம். உலகத்துக் கதைகளில் எல்லாரும் மூன்று விநாடிக்குள் பதில் சொல்லிவிடுகிறார்கள். குழுவின் முன் உட்கார்ந்தால் எங்கள் கதாபாத்திரங்கள் அத்தனை பேரும் தேறிவிடுவார்கள்.

அவள் அனுப்பலாமா கூடாதா என்று அவளை நிறுத்தி வைத்துக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. என் வெட்டிய பிரதியை நான் எப்போதோ உங்களுக்கு அனுப்பிவிட்டேன்.

8

முடிவுகளைப் பார்ப்போம்.

(அ) பழைய வீடியோவை அனுப்புகிறாள். மைக் தேறுகிறார். முதல் நாளே ஒரு வண்டி நடைமேடை மாறுகிறது, சீட்டு வருகிறது, நாலு விநாடி. ஒரு கிழவர் வண்டியை விட்டுவிடுகிறார். — இதை எழுதும்போதே கிழவரின் கையில் ஒரு மருந்துப்பையைக் கொடுத்துவிட்டேன். அது அழுகாச்சி. கிழவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

(ஆ) உண்மையான வீடியோவை அனுப்புகிறாள். குழுவில் ஒருவர் "நேர்மையைப் பாராட்டி

வேண்டாம். அப்படிப்பட்ட குழுவை நான் பார்த்ததில்லை.

(இ) எதை அனுப்பினாலும் குழுவின் கணினியில் திறக்கவில்லை. "இந்தக் கோப்பு வகை ஆதரிக்கப்படவில்லை." மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, போனால் போகிறது என்று கையெழுத்துப் போடுகிறார்கள். நடைமுறையில் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் லினக்ஸ்காரன் எழுதிய கதை என்று சிரிப்பார்கள்.

மூன்றிலும் ஒரு குறை இருந்தது, அதைப் பார்க்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மூன்றிலும் மைக்கை யாரும் கேட்கவே இல்லை. வேலை அவருடையது, வாய் அவருடையது. தம்பி ஒன்று சொன்னான், குழு ஒன்று சொல்லும், நான் மூன்று சொன்னேன்.

9

திங்கட்கிழமை நாலு மணி. அவள் அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். சவரம் பண்ணின முகத்தோடு மைக் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படாம கேளுங்க" என்று தொடங்கினாள். கட்டளை, எண், டம்ளர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். நோயாளியிடம் "டாக்டர் சொல்வாரு" என்று நழுவும் குரலில் சொல்லவில்லை. பத்துப் பத்து நிமிடமாக வெட்டிய இரண்டு வீடியோவையும் ஓட்டிக் காட்டினாள். முதலில் குணமாகிக்கொண்டே போகிற மைக்கை. அப்புறம் நாலு விநாடி மைக்கை. அவர் இரண்டையும் முழுசாகப் பார்த்தார். இரண்டாவது ஓடும்போது மேசைமேல் இருந்த கை ஒரு தடவை மூடித் திறந்தது.

"நான்தான் தப்பு பண்ணேன். தெரியாம உங்களுக்கு ஆசை காட்டிட்டேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது, அதை அவள் அடக்கவில்லை. "மொத வீடியோ அனுப்பினா வேலை கெடைச்சிடும். ரெண்டாவது அனுப்பினா கெடைக்காது. எனக்கு மொத வீடியோவ அனுப்பக் கை வரல. ஆனா இது என் வேலை இல்ல, உங்க வேலை. எத அனுப்பட்டும்? நீங்க சொல்லுங்க."

இந்த இடத்தை நான் வெட்டப்போவதில்லை. அவர் சொல்வதை எழுதப்போவதும் இல்லை, ஏனென்றால் எழுதினால் உங்கள் கண் அடுத்த வரிக்குத் தாவி அதை அரை விநாடியில் எடுத்துக்கொண்டுவிடும். கொஞ்சம் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டு நீங்களே எண்ணுங்கள். அவள் இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

கடிதத்தின்படி அவருடைய நேரம் முடிந்துவிட்டது. அவர் இப்போதுதான் வாயைத் திறக்கிறார்.